கொழுந்துக்குள் விட்ட கை

1983ஆம் ஆண்டு மே மாதம் ஏழாம் தேதி பிற்பகலில், ஷிசுவோகா மாகாணத்தில் ஓயி ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் கமிசாவா ஊரின் பொதுத் தேயிலை ஆலையிலிருந்து இரண்டு மூட்டைக் கொழுந்து திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது.

அன்று விடியும்போது மலைகளுக்கு நடுவே ஆற்று மூடுபனி அசையாமல் நின்றது. இவாவோ அதற்கு முன்பே எழுந்து, பழைய சோற்றில் சூடான தேநீரை ஊற்றி, நின்றபடியே வாயில் தள்ளிவிட்டு ஆலைக்குக் கிளம்பிவிட்டார். கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுவது, வாசலில் மூட்டைகளைச் சோதித்து வாங்குவது, கொழுந்தை ஆவியில் அவிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பருவம் முடியும்வரை அவருக்கு ஆலைதான் வீடு. அந்த நாட்களில் அவர் மனைவி மிட்சுயோ அடுப்பில் மீன் சுடுவதில்லை. வாசனை சோப்பைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவாள். பச்சைக் கொழுந்து பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆவியில் அவிப்பவரின் சட்டையில் மீன் வாடை இருந்தால் ஆலையில் சேரும் ஐந்து வீட்டுத் தேயிலையும் மீனாகிவிடும்.

மிட்சுயோ முற்றத்தில் நின்று மேற்கே பார்த்தாள். மதியத்துக்கு மேல் மழை என்று வானொலி சொல்லியிருந்தது. பனி காய்வதற்கு முன் பறிக்க முடியாது. மழை வந்த பின்னும் பறிக்க முடியாது. நனைந்த கொழுந்தில் ஆவி சீராக ஏறாது. அதைத் தலைக்கொழுந்தில் சேர்க்க மாட்டார்கள்.

தலைக்கொழுந்துதான் கமிசாவாவின் மானம். ஐந்து வீட்டுக்காரர்களும் தங்கள் தோட்டத்தில் சிறந்த ஒரு நாள் பறிப்பை ஒன்றாகக் கலந்து, ஒரே தொகுதியாகத் தேயிலை செய்து சந்தைக்கு அனுப்புவார்கள். பெட்டியின் மேல் யார் பெயரும் இருக்காது. ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். ஆனால் எந்தத் தோட்டத்துக் கொழுந்து அதற்குள் போனது, எது போகவில்லை என்பதை ஊரில் ஒருவரும் அடுத்த வசந்தம்வரை மறக்க மாட்டார்கள்.

இந்த வருடம் மேல்தோட்டம் போக வேண்டும். அது மிட்சுயோவின் தோட்டம். அவள் ஆற்றுக்குக் கீழே சமவெளியிலிருந்து மருமகளாக வந்தபோது அந்தச் சரிவில் தேவதாரு மரம்தான் நின்றது. மரத்தை விற்ற பிறகு மிஞ்சிய வேர்களைத் தோண்டியவள் அவள். பதியன்களை நட்டு, வேரடியில் புல் வெட்டிப் போட்டு, வருடாவருடம் நுனி வெட்டிக் கவ்வாத்து செய்து செடிகளை அகலப்படுத்தியவளும் அவள்தான். இப்போதுதான் அந்த வரிசைகள் இடைவெளி இல்லாமல், கூன் முதுகு மாதிரி வளைந்து சேர்ந்திருந்தன. போன வாரம் இவாவோ அங்கே ஏறி வந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்றார். "ம்" என்றார். அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும். மிட்சுயோ அதை மூன்று நாள் நினைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

"கெளம்பலாமாடி? இல்ல, மேகத்துக்கிட்ட மனு குடுத்துட்டு வரியா?" என்றாள் தொமெனோ.

தொமெனோ இவாவோவின் அக்கா. கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரே வருடம் இருந்துவிட்டு, மாமியாரின் ஊறுகாய் சரியில்லை என்று சொல்லித் திரும்பி வந்தவள். உண்மைக் காரணத்தை யாரும் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் பறிப்பு மெஷினின் மறுபக்கத்தைத் தனி ஆளாகப் பிடிப்பாள்.

"பனி காயட்டும் அண்ணி."

"காயும் காயும். உன் புருஷன் வாய்தான் திறக்காது, இலை காயும்."

மெஷினுக்கு இரண்டு பேர் வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வளைந்த கத்தி நடுவில் செடியின் தலையைத் தடவிக்கொண்டே போகும். வெட்டிய கொழுந்தைக் காற்று ஊதிப் பின்னால் இருக்கும் நீளப் பைக்குள் தள்ளும். எஞ்சின் இருக்கிற பக்கம் கனம். அதைப் பிடிப்பவர்தான் உயரத்தைத் தீர்மானிப்பார். ஒரு விரல் தாழ்ந்தால் பழைய இலை வெட்டுப்படும். ஒரு விரல் உயர்ந்தால் பாதிக் கொழுந்து செடியிலேயே நின்றுவிடும். இவாவோ ஆலைக்குப் போன நாள் முதல் எஞ்சின் பக்கம் மிட்சுயோவுடையது.

பனி காய்ந்ததும் தொடங்கினார்கள். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்துப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் தொமெனோ பேசினாள்.

"ஏய், தூக்குற! தூக்குற!"

"நான் தூக்கல, நீங்க குனியிறீங்க."

"எனக்கு முதுகு வலிக்குதுடி, குனியாம?"

"அப்ப சொல்லிட்டுக் குனியுங்க!"

வரிசை முடிந்து மெஷினை இறக்கி வைத்தபோது, வெட்டிய மட்டத்தைத் தொமெனோ உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பழைய இலை ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. பையைத் திறந்து பார்த்தாள். ஒரு மொட்டும் மூன்று இலையுமாக, இளம் மஞ்சள் பச்சையில், ஒரே அளவாகக் கிடந்தது.

"என்ன அண்ணி?"

"குறை தேடுறேன். கிடைக்க மாட்டேங்குது. எரிச்சலா இருக்கு."

காலைப் பறிப்பை மூட்டைகளில் தளர்வாகக் கட்டி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சுமைவண்டியில் ஏற்றிக் கீழே சாலைக்கு இறக்கினார்கள். செங்குத்துச் சரிவில் பல் பிடித்து ஆமை போல ஏறி இறங்கும் வண்டி அது. மூட்டைகளை மரநிழலில் வரிசையாக வைத்துவிட்டு மறுபடியும் மேலே ஏறினார்கள். இடையில் வரப்பில் உட்கார்ந்து, புளிப்புக்காய் உள்ளே வைத்த சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் தின்றார்கள்.

மேற்கே இருந்த மலை காணாமல் போயிருந்தது. மேகம் அதை முழுங்கிவிட்டது. இன்னும் நாலு வரிசை மிச்சம்.

"விட்டுடலாம்டி. இருக்கிறதக் கொண்டு போவோம். மிச்சம் நாளைக்கு."

"நாளைக்கு நனைஞ்சிருக்கும். நாளன்னிக்கு முத்திடும். தோட்டம் முழுசாப் போகணும் அண்ணி. முக்காத் தோட்டம் போச்சுன்னு சொல்ற வாய் இந்த ஊர்ல இருக்கு."

"எந்த வாயி, ஹிசானோ வாயா?"

மிட்சுயோ எஞ்சின் கயிற்றை இழுத்தாள்.

ஹிசானோ பாலத்தடி வீட்டுக்காரி. போன வருடம் அவள் கொண்டு வந்த மூட்டைக்குள் இவாவோ கையை விட்டு, "சூடு" என்று ஒரே வார்த்தை சொல்லித் திருப்பிவிட்டார். அதற்கு ஊரில் ஒரு சட்டம் உண்டு. அடைபட்ட சூட்டில் ஒரு மூட்டை உள்ளுக்குள் வெந்திருந்தால் அந்த வீட்டின் அன்றைய பறிப்பு முழுவதும் தலைக்கொழுந்துக்கு வெளியே. நல்ல மூட்டைகள் சாதாரணத் தொகுதிக்குப் போகும், வெந்தது வீட்டுக்குப் போகும். ஹிசானோ அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மிட்சுயோவைச் சாலையில் பார்த்தால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுவாள்.

நாலு வரிசையும் முடிந்தது. சாக்கு மட்டும் போதவில்லை. இரண்டுதான் கையில் இருந்தது. கொழுந்து மூன்றுக்கு இருந்தது.

மிட்சுயோ தொமெனோவைப் பார்த்தாள். தொமெனோ வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அமுக்காதடி. தெரிஞ்சே அமுக்காத."

"கீழ போனதும் பிரிச்சுடலாம். கொஞ்ச நேரம்தானே."

அவள் முட்டியால் அழுத்தி அடைத்துக் கட்டினாள். கையால் ஒரு பிடி கொழுந்தைக்கூட இறுக்கிப் பிடிக்காதவள் அவள். பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும். அடைத்து வைத்தால் அதன் மூச்சே அதை வேகவைக்கும். இது தெரியாதவளாக இருந்தால் அதைத் தவறு என்று சொல்லலாம்.

வண்டி பாதிச் சரிவில் நின்றது. எஞ்சின் இருமி இருமி அடங்கியது. மேகத்தின் ஓட்டை வழியாக வெயில் பழுக்கக் காய்ச்சியது. மழைக்கு முந்திய புழுக்கம். மிட்சுயோ கயிற்றை இழுத்துப் பார்த்தாள், பிளக்கைக் கழற்றி ஊதினாள், வண்டியை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். பாதி வழியில் மிட்சுயோவின் முதுகு சுட்டது. வேர்வை என்று நினைத்துக்கொண்டாள். கீழே வந்ததும் முதல் துளி விழுந்தது. பிரித்துக் கொட்ட உலர்ந்த இடமில்லை. எல்லாவற்றையும் சின்ன லாரியில் ஏற்றி, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு ஆலைக்கு ஓட்டினாள்.

ஆலை வாசலில் ஆவி வெள்ளையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஆவியில் அவிந்த கொழுந்தின் மணம், கடற்பாசியைப் போலவும் புதுச் சோளத்தைப் போலவும், சாலைவரை இருந்தது. எடைபோடும் இடத்தில் ஆலைத் தலைவர் கிதாமுரா நின்றார். ஹிசானோ தன் மூட்டைகளைக் கொடுத்துவிட்டு, மழை விடட்டும் என்று கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தாள்.

இவாவோ சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வந்தார். மேலாகப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மூட்டையின் வாயைப் பிரித்து, வெறுங்கையை அக்குள்வரை நடு வயிற்றில் விடுவார். முழங்கையின் உட்பக்கம்தான் சூட்டை அறியும் என்பார்.

முதல் மூட்டை. "உள்ள." இரண்டாவது. "உள்ள." தலைக்கொழுந்துக்குள் போகலாம் என்று அர்த்தம். கையை எடுப்பதும் வார்த்தை வருவதும் ஒன்றாக நடந்தன. கிதாமுரா, "மேல்தோட்டமா? அடேயப்பா!" என்று ஒரு கொழுந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மிட்சுயோ தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

கடைசி இரண்டு மூட்டைக்கு வந்தார். கையை விட்டார். கை உள்ளேயே நின்றது. அவர் மிட்சுயோவைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார். கையை எடுத்தார். கால்சட்டையில் துடைத்தார்.

"உள்ள," என்றார்.

அவர் கையைத் துடைத்து மிட்சுயோ பார்த்ததில்லை. அரிசி மதுவைத் தொடவே இல்லை என்று டாக்டரிடம் சொல்லும்போது வருகிற குரல் அது.

"ஏங்க, இன்னொரு தடவ விட்டுப் பாருங்க."

"பாத்தாச்சு."

"இன்னொரு தடவ."

"மழ வருது. வழிய விடு."

மிட்சுயோ அவரைத் தாண்டிப் போய்த் தன் கையை மூட்டைக்குள் விட்டாள். முழங்கைவரை போனதும் கதகதப்பு. தோள்வரை போனதும் சூடு. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். பழுத்த ஆப்பிள் மணம். காம்புகளில் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"இது வெந்துபோச்சு," என்றாள். "எடுத்துருங்க."

கிதாமுரா சங்கடத்தோடு சிரித்தார். "ஏம்மா, வாங்குற ஆளே உள்ளன்னு சொல்றாரு. நீ என்ன நடுவுல?"

"அவரு தப்பாச் சொல்றாரு."

"புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வச்சுக்கக் கூடாதா?"

"வீட்டுக்குக் கொண்டு போகத்தான் எடுங்கன்னு சொல்றேன்."

தொமெனோ லாரிப் படியில் உட்கார்ந்து, "என்ன பாக்காதீங்க. நான் அப்பவே சொன்னேன். சொன்னது மட்டும்தான் என் வேல," என்றாள்.

ஹிசானோ கூரைக்கடியிலிருந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, இரண்டாவது மூட்டைக்குள் கையை விட்டாள்.

"போன வருஷம் என் மூட்டையும் இந்தச் சூடுதான்," என்றாள்.

உள்ளே உருளை சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. இவாவோவின் காது மடல் சிவந்திருந்தது.

"இல்ல ஹிசானோ," என்றாள் மிட்சுயோ. "உன்னுது வீட்டுல எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா எறங்கிக் குளிச்சு முடிச்ச வெந்நீர்த் தொட்டித் தண்ணி. இது முதல் ஆளு எறங்குற தண்ணி. இதுதான் சூடு அதிகம்."

ஹிசானோவின் வாய்க்கோடி அசைந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆமா," என்றாள். "கை வெந்துரும் போலருக்கு."

கிதாமுரா தொண்டையைச் செருமினார். "சரி, இப்பிடிப் பண்ணலாம். இந்த ரெண்டையும் ஒதுக்கிடுவோம். மத்ததெல்லாம் அருமையா இருக்கு. அது தலைக்கொழுந்துல போகட்டும். யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. என்ன ஹிசானோ?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் ஹிசானோ. வேகமாகவே சொன்னாள்.

அடுக்கி வைத்திருந்த நல்ல மூட்டைகளை மிட்சுயோ பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினால் போதும். மேல்தோட்டம் உள்ளே போய்விடும். வேர் தோண்டிய வருடத்தில் அவள் கை நகங்கள் பாதி இல்லை; எல்லோருக்கும் தெரியும்.

"சட்டம் பாலத்தடி வீட்டுக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்கு ஒண்ணா?" என்றாள். "நல்லத சாதாரணத்துல போடுங்க. இந்த ரெண்டையும் நான் கொண்டு போறேன். அண்ணி, ஒரு கை குடுங்க."

"ஒரு கை என்ன, ரெண்டும் இருக்கு. காலையிலேருந்து அதத்தான கேக்குற," என்று தொமெனோ எழுந்தாள்.

இவாவோ உள்ளே போய்விட்டார். ஆவி அவரை மூடிக்கொண்டது.

வீட்டுக் கொட்டகையில் வைக்கோல் பாயை விரித்துக் கொழுந்தை மெல்லியதாகப் பரப்பினார்கள். செடி வேருக்கு உரமாகப் போட்டுவிடலாம் என்று மிட்சுயோ சொன்னாள். தொமெனோ கேட்கவில்லை. அடுப்பில் பெரிய இரும்புச் சட்டியை வைத்து, கையளவு கையளவாகப் போட்டுப் புரட்டி வறுத்தாள். வறுத்ததைப் பாயில் கொட்டித் தேய்த்தாள்.

அந்திக்கு முன் இவாவோ சாப்பிட வந்தார். அடுத்த தொகுதிக்கு நெருப்பு ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். மூங்கில் குருத்து அவித்தது, மிசோ சாறு, சோறு. அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எல்லாரு முன்னாலயும் என் மானத்த வாங்கிட்ட."

"நீங்க வித்தீங்க. நான் வாங்கி வச்சிருக்கேன்."

தொமெனோ சட்டியோடு சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் முதுகு குலுங்கியது.

"கை சூடுன்னு சொல்லுச்சு," என்றார் இவாவோ. "வாய் வரல. அந்தச் சரிவுல நீ வேரோட மல்லுக்கட்டினது… நான் ஒரு நாளு கூட வந்து பிடுங்கல. ஆலை, ஆலைன்னு கெடந்தேன். இத ஒண்ணையாவது உள்ள விட்டுருவோம்னு தோணுச்சு."

"தோணும்," என்றாள் மிட்சுயோ. "எனக்கும் அமுக்கினா ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சு. தப்பு என்னுது. அத உங்க கை தலையில ஏன் கட்டுறீங்க?"

"எங்க ஊருக்குப் போனா என்ன யாருன்னு கேப்பாங்க. கமிசாவால மூட்டைக்குள்ள கை விடுற ஆளு இருக்காருல்ல, அவரு பொண்டாட்டின்னு சொல்லுவேன். சந்தைக்காரன் பெட்டியத் தெறக்காமலே ஊர்ப் பேரப் பாத்து எடுத்துக்குவான்னும் சொல்லுவேன். நெஞ்ச நிமித்தித்தான் சொல்லுவேன். மேல்தோட்டம் அடுத்த வருஷம் மறுபடி துளுக்கும். இது துளுக்குமா?"

அவர் வலது கையை அவள் காட்டினாள். அவர் அதை ஏதோ புதிதாக வாங்கிய கருவியைப் போலப் பார்த்தார்.

"குருத்து ஆறுது," என்றாள் தொமெனோ. "கைய அப்பறம் பாத்துக்கலாம், அது எங்கயும் போகாது. இந்தா, இதக் குடிங்க."

வறுத்த கொழுந்தில் போட்ட தேநீர். நிறம் பழுப்பு. இவாவோ முகர்ந்தார், குடித்தார். ஆப்பிள் வாடை அப்படியே இருந்தது.

"எப்பிடி?" என்றாள் தொமெனோ.

"தேயிலையில்ல இது."

"அப்ப கோப்பையக் குடு."

அவர் கொடுக்கவில்லை. முழுவதையும் குடித்துவிட்டு, நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."

மறுநாள் காலை மழையில் பறிப்பு இல்லை. ஐந்து வீட்டுக்காரர்களையும் இவாவோதான் ஆலைக்குக் கூப்பிட்டார். கொதிகலன் பக்கத்தில் நின்றபடியே பேசினார். பேச்சு அவருக்குப் பழக்கமில்லை.

"நேத்து நான் வெந்த மூட்டைய உள்ளன்னு சொன்னேன். இனிமே ஒரே ஆளு வாசல்லயும் ஆவியிலயும் நிக்கக் கூடாது. நான் ஆவியில நிக்கிறேன். வாசலுக்கு வேற ஆளப் போடுங்க."

கிதாமுரா, ஒரு தடவைதானே, மறந்துவிடலாம் என்று ஏதோ சொல்லப் பார்த்தார். இவாவோ ஒத்துக்கொள்ளவில்லை. யாரைப் போடுவது என்று ஆளுக்கொரு பெயரை இழுத்தார்கள்.

"ஏன் அலையிறீங்க?" என்றாள் ஹிசானோ. "அவள நிக்க வைங்க."

"எவள?"

"சொந்த மூட்டைய வெளிய தள்ளினவள."

மிட்சுயோ நிமிர்ந்து பார்த்தாள். "நான் வாசல்ல நின்னா எங்க தோட்டத்துல மெஷின யாரு பிடிக்கிறது?"

"எங்க வீட்டுப் பறிப்பு காலையில முடிஞ்சிரும். மதியத்துக்கு மேல நான் வந்து பிடிக்கிறேன். உங்க அண்ணி வாயையும் சேத்துப் பிடிக்கணும், அதான் கஷ்டம்."

"எஞ்சின் பக்கம் எனக்கு," என்றாள் தொமெனோ உடனே.

"அது எப்பிடி? வயசுல சின்னவ நான்தான்."

"அறிவுல?"

கூட்டம் சிரித்தது. கிதாமுராவும் சிரித்தார். மிட்சுயோ வீட்டு மூட்டை வரும்போது மட்டும் ஹிசானோ கை விடுவது என்று முடிவாயிற்று.

வானம் வெளுத்த அன்று மிட்சுயோ சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஆலை வாசலில் நின்றாள். அந்தப் பருவம் முழுக்க நின்றாள்; அதற்குப் பிந்திய பருவங்களிலும் நின்றாள். இவாவோ ஆவியை விட்டு வெளியே வரவில்லை.

அந்த ஆண்டின் தலைக்கொழுந்து மே மாதம் பதினைந்தாம் தேதி ஷிசுவோகா சந்தைக்கு லாரியில் போனது. அதில் நான்கு வீட்டுக் கொழுந்து இருந்தது.